காக்கையின் மூச்சுக்குழலில் கண்ட சிவப்புப் புழுக்கள்

இறந்து கிடந்த ஓர் இளங்காக்கையை, பறவைகளின் நோய்களைப் படித்த நண்பர் ஒருவர் அறுத்துப் பார்த்தபோது நானும் அருகில் இருந்தேன். கழுத்துத் தோலை விலக்கி மூச்சுக்குழலைக் கத்தரிக்கோலால் நீளவாக்கில் பிளந்ததும், அதன் உட்சுவரில் கவைக்குச்சி வடிவில் ஐந்தாறு சிவந்த புழுக்கள் ஒட்டியிருப்பது தெரிந்தது. ஒவ்வொரு கவையையும் ஒரு புழு என்றே நான் எண்ணினேன். அது ஒரு தம்பதி என்றார் அவர். நீண்ட கிளை பெண், குட்டைக் கிளை ஆண். ஒருமுறை இணைந்தபின் அவை வாழ்நாள் முழுவதும் பிரிவதில்லை.

சின்கேமஸ் டிரேக்கியா எனப்படும் இந்த உருளைப்புழு இரத்தத்தை உறிஞ்சி வாழ்வது. இது மிகுந்துவிட்டால் பறவை கழுத்தை நீட்டி, அலகைப் பிளந்து மூச்சுக்குத் திணறும். இருமலோடு தொண்டைக்கு ஏறிவரும் முட்டைகளைப் பறவையே விழுங்கிவிட, அவை எச்சத்துடன் மண்ணைச் சேர்கின்றன. மண்புழுவோ நத்தையோ அவற்றைத் தின்றால் லார்வாக்கள் அதன் உடலுக்குள் ஆண்டுக்கணக்கில்கூடக் காத்திருக்கும். அதை இன்னொரு பறவை கொத்தித் தின்றதும் குடற்சுவரைத் துளைத்து, இரத்தத்தின் வழியே நுரையீரலை அடைந்து, ஏறத்தாழ இரண்டு வாரங்களில் மூச்சுக்குழலில் முதிர்ந்துவிடும். அன்று முதல், ஒரு பறவையில் புழுவைக் கண்டால் அது எதைத் தின்றிருக்கும் என்ற கேள்வியே எனக்கு முதலில் எழுகிறது.

அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடைகளில் சில, நம்புவதற்குச் சற்றுக் கடினமானவை. நீர்ப்பறவைகளின் குடலில் முதிரும் ஸ்கிஸ்டோசெபாலஸ் என்னும் நாடாப்புழு முதலில் நண்டு, இறால் வகையைச் சேர்ந்த ஒரு நுண்ணிய ஓட்டுயிரியிலும், பின்னர் முதுகில் மூன்று முட்களைக் கொண்ட ஒரு சிறு மீனிலும் வளர்கிறது. மீனின் வயிற்றறைக்குள் அது மாதக்கணக்கில் பெருத்து, சில வேளைகளில் மீனின் எடையையே எட்டிவிடுகிறது. வயிறு உப்பிய அம்மீன் நீரின் மேற்பரப்பை ஒட்டியே நீந்துவதோடு, பறவையைக் கண்டு அஞ்சி ஒதுங்குவதையும் குறைத்துக்கொள்கிறது. இத்தனைக்குப் பிறகு புழு பறவைக்குள் வாழ்வது சில நாட்களே. ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ் உடல் வெப்பம் தூண்டிவிட, இரண்டே நாட்களில் முட்டையிடத் தொடங்கி, விரைவில் மடிந்துபோகிறது. பறவையை நோயாளி என்பதைவிடக் கடைசி நிறுத்தம் என்பதே இங்கே பொருத்தம்.

இடையில் வரும் உயிரின் நடத்தை மாறுவதை உயிரியலாளர் ஜேனிஸ் மூர் 1983இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டியது. தொட்டால் உருண்டுகொள்ளும் சிறு ஓட்டுயிரிகளில் முள்தலைப்புழுவின் இளம்பருவம் புகுந்துவிட்டால், அவை ஈரமும் மறைவும் உள்ள இடங்களை விட்டு, தம் கருநிறம் எடுத்துத் தெரியும் வெளிர்நிறத் தரைக்கு வந்துவிடுகின்றன. மைனாவின் உறவான ஸ்டார்லிங் பறவைகள் அவற்றை எளிதில் பொறுக்கிக்கொள்கின்றன.

புழுக்களால் பறவைக்குக் கேடே இல்லை என்று சொல்வதற்கில்லை. வட இங்கிலாந்தின் புதர்நிலங்களில் வாழும் சிவப்பு கிரவுஸ் பறவைகளின் எண்ணிக்கை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிச் சரிவது நீண்ட காலப் புதிராக இருந்தது. அவற்றின் குருட்டுக்குடலில் ஆயிரக்கணக்கில் வாழும் ஒரு மெல்லிய புழு, பறவையைக் கொல்வதைவிட அதன் குஞ்சு பொரிக்கும் திறனையே அதிகம் குறைக்கிறது. ஹட்சன், டாப்சன், நியூபார்ன் ஆகியோர் பறவைகளைப் பிடித்துப் புழுநீக்க மருந்து புகட்டி விடுவித்தபோது, எதிர்பார்த்த சரிவு பெரிதும் தணிந்தது. 1998இல் அந்த முடிவு வெளியானது. இத்தனை பறவைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து வாயில் மருந்து ஊற்றிய அவர்களின் பொறுமையை எண்ணினால்தான் எனக்கு மூச்சுத் திணறுகிறது.

மீண்டும் எங்கள் காக்கைக்கு வருகிறேன். மூச்சுக்குழலைக் கண்டதுமே சாவுக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று நான் முடிவுகட்டியிருந்தேன். நண்பர் ஒன்றும் சொல்லாமல் எச்சத்தில் ஒரு துளியை நீரில் கரைத்து நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினார். எலுமிச்சை வடிவில், இரு முனைகளிலும் மூடி போட்டதுபோல் கப்பில்லேரியா என்னும் வேறொரு புழுவின் முட்டைகளும் அதில் இருந்தன. பிறகு தலைத்தோலை உரித்தார். மண்டையோட்டின் ஒரு பக்கம் முழுவதும் இரத்தம் கட்டிக் கறுத்திருந்தது. எதன்மீதோ வேகமாக மோதியிருக்கிறது. அந்த ஐந்தாறு தம்பதிகளோடு அது இன்னும் பல நாள் பறந்திருக்கும் என்றார் அவர்.