காற்று கெட்டால் அணையும் அருவி: மூன்றாம் வாரம்

கலைஞர் ஆண்ட்ரியா பொல்லி 2010இல் கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் ஒரு கட்டடச் சுவரில் நீல ஒளியருவியை ஓடவிட்டார். பெயர் 'பார்ட்டிகிள் ஃபால்ஸ்'. காற்றில் நுண்துகள் கூடினால் அருவிமேல் பொறிகள் தெறிக்கும். அதையே குட்டியாக மேசைமேல் செய்து பார்க்க இறங்கினேன்.

60 எல்இடி கொண்ட பட்டை, அதை இயக்க ஈஎஸ்பி32 என்ற குட்டிக் கணினி போர்டு, காற்றிலுள்ள துகளை அளக்க பிஎம்எஸ்5003 சென்சார். சென்சாருக்குள் சின்ன விசிறி காற்றை இழுக்கும். லேசர் ஒளி துகளில் பட்டுச் சிதறுவதை வைத்துக் கணக்கிடும். சொதப்பியது மின்சாரத்தில். எல்லாம் முழு வெள்ளையில் எரிந்தால் 3.6 ஆம்பியர் வேண்டும், நானோ பழைய போன் சார்ஜரில் செருகியிருந்தேன். கடைசிப் பத்து விளக்குகள் பழுப்பேறி, போர்டு திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆனது. பெரிய அடாப்டர் போட்டதும் அடங்கியது.

அப்புறம்தான் உண்மையான சிக்கல். சோதிக்கத் தீக்குச்சி ஒன்றைக் கொளுத்தி ஊதி அணைத்தேன். புகை சென்சார் வாயருகே போனதும் பட்டை முழுக்க ஆரஞ்சுப் பொறி. தங்கை கைதட்டி, "அண்ணா, இன்னொரு குச்சி கொளுத்தேன்!" என்றாள். அவள்மேல் தப்பில்லை. மாசு கூடக் கூட அழகும் கூடும்படி நான்தான் எழுதி வைத்திருந்தேன்.

அப்போது 'நுவாஜ் வேர்' (பச்சை மேகம்) என்ற கலைப்படைப்பு ஞாபகம் வந்தது. 2008 பிப்ரவரியில் ஹெல்சிங்கியின் சால்மிசாரி மின் நிலையப் புகைபோக்கி ஆவிமேல் ஹேஹே என்ற கலைஞர் இணை பச்சை லேசரால் மேகம் வரைந்தது. அக்கம்பக்கத்தார் மின்சாரத்தைக் குறைத்தால் மேகம் பெரிதாகும். (லேசருக்கு மட்டும் மின்சாரம் எங்கிருந்து என்று கேட்கலாம். என் பட்டைக்கும் அதே கேள்விதான்.)

சரி, நிரலைத் தலைகீழாக்கினேன். காற்றில் பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரோமீட்டருக்கு மிகாத நுண்துகள், கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம் வரை இருந்தால் அருவி முழுதாக ஓடும். அதற்குமேல் மைக்ரோகிராமுக்கு ஒரு விளக்கு அணையும், 75இல் இருட்டு. 15 என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த 24 மணி நேர வரம்பு. நொடிக்கு நொடி துள்ளும் அளவை அதோடு ஒப்பிடக் கூச்சமாக இருந்ததால் பத்து நிமிடச் சராசரி எடுக்கிறேன். அதுவும் சமாளிப்புதான்.

நேற்று குளியலறைக் கதவு திறந்திருந்தது. பட்டை மொத்தமும் அணைந்துவிட்டது. வெறும் நீராவி; ஈரத்துளியையும் இந்தச் சென்சார் துகளாகவே எண்ணுகிறது. அம்மா ரிப்பேர் என்று நினைத்துப் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டார்.

மேசையை நகர்த்தியாயிற்று. ரிப்பேர் என்று இனி யாரும் நினைக்காமலிருக்க, அடி விளக்கு ஒன்று மட்டும் எப்போதும் சிவப்பாக எரியும்படி மாற்றியிருக்கிறேன். ஈரப்பத சென்சார் அடுத்த வாரம்.