காரணம்: தூரம்

"விதி எல்லாருக்கும் ஒண்டுதான் அக்கா."

இதைச் சொன்னது நான்தான். 2023 ஜனவரியில், தொலைபேசியில், எங்கள் அலுவலகப் பயண விதியைப் பற்றி. எங்கள் வாட்சோ கிளையில் வேலை செய்த அக்கா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அம்மாவின்ரை முழங்கால் இப்ப எப்படி?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அந்தக் கொஞ்ச நேரம் இன்னும் எனக்குள் முடியவில்லை.

காலநிலைக்காக விமானப் பயணத்தை 30 சதவீதம் குறைப்பதென்று நோர்வேயின் ஒஸ்லோவில் இருக்கும் எங்கள் தலைமை அலுவலகம் முடிவெடுத்தபோது அதை விதியாக எழுதும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். எனக்கு இதில் நம்பிக்கை இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஒவ்வொரு கிளையும் தன் முந்தைய கணக்கிலிருந்து 30 சதவீதம் குறைக்க வேண்டும். அதற்கு மேல் பறக்க வேண்டுமென்றால் காரணம் எழுதிப் படிவம் அனுப்ப வேண்டும். படிவங்கள் என் மேசைக்கு வரும். ஒரு பிற்பகலில் எழுதி முடித்துவிட்டேன். தலைக்கு அதிகம் பறந்தது தூர வடக்கிலிருக்கும் வாட்சோ கிளை. அட்டவணையில் அந்தக் கட்டத்துக்குச் சிவப்பு அடித்ததும் நான்தான்.

மறுநாளே அக்கா எடுத்தார். "பிள்ளை, உந்த அட்டவணை நீ போட்டதோ?"

"ஓம் அக்கா."

"நாங்கள் ஒஸ்லோவுக்கு உங்கடை ஆக்கள் கூப்பிட்டுத்தானே வாறம். அப்ப அந்தப் பறப்பு ஆற்றை கணக்கிலை வரவேணும்?"

இந்தக் கேள்வியை நான் யோசித்திருக்கவே இல்லை. பறக்கிறவரின் கிளையில் பயணத்தைப் பதிவது எங்கள் கணக்கு முறை. கூட்டம் போடுகிறவர் பக்கம் எதுவும் பதிவாகாது. ஒஸ்லோவிலிருந்து வடக்கே போகிறவர்கள் வருடத்தில் ஓரிருவர். வடக்கிலிருந்து வருகிறவர்கள் மாதாமாதம். கூப்பிட்டவர்கள் பச்சையில் இருந்தோம், வந்தவர்கள் சிவப்பில் இருந்தார்கள். ஒரு கணம் யோசித்திருந்தால் "சரி அக்கா, பாக்கிறன்" என்றாவது சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாகத்தான் அந்த வாக்கியம் வந்தது.

என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நோர்வேயின் மொத்தப் பசுமைக்குடில் வாயு வெளியேற்றத்தில் உள்நாட்டு விமானங்களின் பங்கு சுமார் 2 சதவீதம். சின்னதுதானே என்பார்கள். எல்லோருடைய பங்கும் தனித்தனியாகப் பார்த்தால் சின்னதுதான். அதோடு, பூமி சூடேறுவதை முதலில் உணர்வதும் வடக்குத்தான். நான் சிறுமியாக இருந்தபோது ஜனவரி என்றால் பனி மட்டும்தான். இப்போது நடுக்குளிர்காலத்தில் மழை பெய்து, இரவில் உறைந்து, தெருவெல்லாம் கண்ணாடியாகிவிடுகிறது என்று அங்கே இருக்கிறவர்கள் சொல்கிறார்கள். அந்த மண்ணுக்காகவும்தான் விதி எழுதினேன் என்று எனக்கு நானே பல தடவை சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அந்த மண் எப்படிப்பட்டது என்று தெரியாமல் எழுதினேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. நான் வளர்ந்தது போட்ஸ்பியூரில். எண்பதுகளில் நாட்டின் வடகோடி மாவட்டமான பின்மார்க்கின் மீன் பக்டரிகளுக்கு வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அக்காவும் அம்மாவும் ஒரே வரிசையில் நின்று மீன் வெட்டியவர்கள். அப்புறம் அக்கா மொழி படித்து, வாட்சோவுக்குப் போய், அலுவலக வேலையில் சேர்ந்தார். போட்ஸ்பியூர் மலைப்பாதை புயலில் மூடிவிடும். திறந்தாலும் பனி தள்ளும் வண்டிக்குப் பின்னால் வரிசையாகத்தான் போக வேண்டும். தம்பி பிறக்கும் நேரம் அம்மாவைக் கிர்கெனெஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது விமானம்தான். பின்மார்க்கின் குட்டி ஊர்களுக்கு வருவது 39 பேர் ஏறும் டாஷ் 8 விமானம். அந்த ஊர்களின் ஓடுபாதைகளில் பல 800 மீட்டர் அளவே. அந்த இரைச்சல் கேட்டால் யாரோ ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

நோர்வேயின் தண்டவாளம் 1962இல் பின்மார்க்குக்கு வெகு தெற்கேயுள்ள பூடோவுக்கு வந்து சேர்ந்தது, அதோடு நின்றுவிட்டது. நார்விக்குக்கு ரயில் உண்டு, ஆனால் அது சுவீடன் வழியாக வருகிறது. பின்மார்க்கில் பயணிகள் ரயிலே இல்லை. வாட்சோவிலிருந்து கிர்கெனெஸுக்கு விமானத்தில் கால் மணி நேரம். காரில் போனால் வராங்கர் பியோர்டைச் சுற்றி 170 கிலோமீட்டருக்கு மேல். கரையோரக் கப்பல் வாட்சோவைத் தொடுவது வடக்கு நோக்கிப் போகும்போது மட்டும். கிர்கெனெஸிலிருந்து வடக்கின் பெரிய நகரமான துரோம்சோவுக்கு அந்தக் கப்பலில் ஒன்றரை நாள். ஒஸ்லோக்காரர்களான நாங்களோ துரோன்ஹைமுக்கோ பேர்கனுக்கோ ஏழு மணி நேரத்துக்குள் ரயிலில் போய்விடலாம். அப்படித்தான் எங்கள் 30 சதவீதத்தை எட்டினோம், ஜன்னலோரம் உட்கார்ந்து, கோப்பி குடித்துக்கொண்டு. எங்களுக்கு அது பழக்கத்தை மாற்றுவது. அவர்களுக்கு வராமல் இருப்பது.

அரசாங்கத்திடமும் இதே சிக்கல் இருக்கிறது. 2016இல் ஒவ்வொரு விமானப் பயணிக்கும் 80 குரோனர் வரி வந்தது. உள்நாட்டு விமான எரிபொருளுக்குக் கார்பன் வரி உண்டு. ஸ்பெயினுக்குக் கடல் குளிக்கப் போகும் விமானத்தின் எரிபொருளுக்கு அது கிடையாது. துரோம்சோவுக்குக் கதிர்ச்சிகிச்சைக்குப் போகும் விமானத்துக்கு உண்டு. அதே அரசாங்கம்தான் பின்மார்க்கில் குடியிருந்தால் வருமான வரியைக் குறைக்கிறது, படிப்புக்கடனிலும் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்கிறது. 2024இல் மானியம் பெறும் சிறு விமானப் பாதைகளின் உச்சக் கட்டணத்தையும் பாதியாக்கியது. நாடே இரண்டு பக்கம் இழுபடும்போது என் விதி மட்டும் எப்படி நேராக இருக்கும் என்று ஆறுதல் தேடியிருக்கிறேன். அந்த ஆறுதல் நிற்பதில்லை. அவர்கள் திருத்தவாவது பார்த்தார்கள்.

அன்றைக்கு இன்னொன்றும் சொன்னேன். "இன்னும் மூண்டு வருசத்திலை மின் விமானம் வந்திடும் அக்கா." பொய்யில்லை. 2026இல் சின்ன மின் விமானத்தைப் பறக்க விடும் திட்டம் அந்தக் குட்டி ஊர்களுக்குப் பறக்கும் விடரோ நிறுவனத்திடம் இருந்தது. அதே 2023 ஜூனில் அந்த விமானத்தைச் செய்யவிருந்த டெக்னாம் நிறுவனம், இன்றைய மின்கலங்களால் முடியாது என்று ஒத்திவைத்துவிட்டது.

பெப்ரவரியில் அக்காவின் படிவம் வந்தது. கிளைகளுக்கு வேலை பிரிப்பது பற்றிய கூட்டம், ஒஸ்லோவில். காரணம் என்ற கட்டத்தில் நோர்வேஜிய மொழியில் ஒரே சொல்: தூரம்.

திருப்பி அனுப்பினேன். "விரிவாக எழுதவும்" என்று ஆயத்தமாக ஒரு பதில் இருந்தது, அதை அழுத்தினால் போதும். அன்று என் மேசையில் பதினாலு படிவங்கள் இருந்தன. அக்கா என்பதற்காக விட்டால் மற்றவர்களுக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். இப்போது பார்த்தால், அந்தப் பதினாலில் மிகச் சரியான காரணம் எழுதியிருந்தவர் அவர்தான். ஆனால் விதிவிலக்கைத் திறந்துவிட்டால் ஒவ்வொரு கிளையும் ஒரு காரணம் கொண்டுவரும் என்பதும் உண்மை. மாற்று வழி இல்லாத இடத்துக்கு வேறு அளவு என்று முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். பிறகு எழுதியும் கொடுத்தேன். "அடுத்த திருத்தத்தில் பார்ப்போம்" என்றார்கள். அது இன்னும் வரவில்லை.

அவர் மறுபடி அனுப்பவில்லை. கூட்டத்தில் நாங்கள் பதினொரு பேர் மேசையைச் சுற்றி இருந்தோம், அக்கா சுவர்த்திரையில். இரண்டு தடவை படம் உறைந்தது. வாட்சோவின் வேலைகளில் ஒரு பகுதி துரோம்சோவுக்குப் போனது. அவர் நேரில் வந்திருந்தாலும் அப்படியே முடிந்திருக்கலாம். வராததால்தான் போனதென்று என்னால் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது.

வருட முடிவில் வாட்சோ 30 கேட்ட இடத்தில் 60 சதவீதத்துக்கு மேல் குறைத்திருந்தது. அறிக்கையில் அந்தக் கட்டத்தைப் பச்சையாக்கினேன். மேலிடம் அந்தக் கிளையைப் பெயர் சொல்லிப் பாராட்டியது.

போன வசந்தத்தில் அக்கா ஓய்வு பெற்றார். பிரியாவிடைக்குப் போக நினைத்துப் படிவத்தைத் திறந்தேன். காரணம் கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் மூடிவிட்டேன். சொந்தக் காசில் போயிருக்கலாம் என்பது பிறகுதான் தோன்றியது. திரையில்தான் பார்த்தேன். இருபது பேருக்கு நடுவில் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவர் என்னைக் கண்டுபிடித்து, "முழங்கால் சுகமாகிட்டுதோ பிள்ளை?" என்று தமிழில் கேட்டார்.

"ஓம் அக்கா" என்றேன்.