காலியாக வராத பை

ரத்த வங்கியில் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் வாரம் வரை, ரத்தப் பை காலியாகத்தான் வரும் என்று நினைத்திருந்தேன். கையில் எடுத்துப் பார்த்தால் உள்ளே தண்ணீர் போல ஒரு திரவம். 450 மி.லி. ரத்தத்துக்கு 63 மி.லி. என்று அளந்தே நிரப்பியிருக்கிறார்கள். ரத்தம் உறையாமல், கெடாமல் இருக்க சிட்ரேட், பாஸ்பேட், டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரை கலந்த மருந்து.

அந்த அளவு ஏன் முக்கியம் என்பது ஒரு கொடையாளருக்குத் தலைசுற்றிய அன்று புரிந்தது. ஊசியைப் பாதியில் எடுத்துவிட்டோம். பையில் 200 மி.லி. இருக்கும். அதைப் பத்திரப்படுத்தப் போனேன்.

"வேண்டாம் தம்பி, மருந்து 450-க்குப் போட்டது. ரத்தம் அதில் பாதிகூட இல்லை" என்றார் மூத்த டெக்னீஷியன் அக்கா.

ரத்தம் உறையக் கால்சியம் வேண்டும். சிட்ரேட் அதைப் பிடித்துக் கட்டிவிடுகிறது. அதுவே மிஞ்சினால் சிவப்பணுக்களுக்கும் ஆகாது, ஏற்றிக்கொள்பவருக்கும் ஆகாது. ஒருவர் மனமுவந்து கொடுத்த ரத்தத்தை ஒதுக்கி வைத்தபோது மனசு கனத்துப்போனது.

அடுத்த தவறு என்னுடையது. குழாயில் நிற்கும் ரத்தத்தில் மருந்து சரியாகக் கலந்திருக்காது. உடனே அதைப் பைக்குள் தள்ளி, கலக்கி, மறுபடி குழாய்க்கு வரவிட வேண்டும். நான் லேபிள் ஒட்டிவிட்டு வருவதற்குள் குழாயில் புழு மாதிரி ஒரு கட்டி. அன்றிலிருந்து குழாய்தான் முதல் வேலை, லேபிள் அப்புறம்.

எனக்கு மிகவும் பிடித்தது பிரிக்கும் வேலை. சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுத்து அழுத்தினால் மஞ்சள் பிளாஸ்மா மேலே ஏறிப் பக்கத்துப் பைக்குப் போய்விடும். அடியில் சிவப்பணுக்கள் பாகு போல் நிற்கும். சர்க்கரையில் பெரும்பகுதி பிளாஸ்மாவோடு போய்விட்டதே, இனி அவற்றுக்கு என்ன சாப்பாடு? அதற்குத்தான் இணைப்புப் பையில் 100 மி.லி. சாக்எம் காத்திருக்கிறது: உப்பு, அடினின், குளுக்கோஸ், மானிடால். குழாயின் உள்ளடைப்பை ஒடித்ததும் அது இறங்கும், பாகு இளகும். அடினின் அணுக்களின் சக்திக்கு, மானிடால் அவை உடையாமலிருக்க. 1943-இல் வந்த ஏசிடி (சிட்ரிக் அமிலம், சிட்ரேட், டெக்ஸ்ட்ரோஸ்) கரைசலில் 21 நாள் தாங்கிய ரத்தம், இதில் 2 முதல் 6 டிகிரி குளிரில் 42 நாள் தாங்குகிறது.

நான் தனியாகப் பிரித்த முதல் பையை 17-ஆவது நாள் கேட்டு வந்தார்கள். அனுப்புவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மேலே தெளிந்து நின்ற திரவத்தில், அணுக்கள் உடைந்தால் வரும் சிவப்புச் சாயல் இல்லை. கட்டியும் இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.