ஜூரோங் ஏரிக்கரையும் மறுபடி ஓடும் ஓடையும்

சிங்கப்பூரின் ஜூரோங் ஏரி காலங்காலமாக இருக்கும் ஏரி என்றுதான் இங்கே வரும் பலர் நினைக்கிறார்கள். சுங்கை ஜூரோங் ஆற்றின் மேல்பகுதியை மறித்து 1971-ல் உண்டாக்கிய ஏரி இது. அதற்கு முன்னால் இந்தப் பக்கமெல்லாம் சதுப்பும் இறால் குட்டைகளும்தான். 1960களில் தொழிற்பேட்டை வந்தது, ஆலைகள் வந்தன, வீடுகளும் எழுந்தன. வேலை முடிந்து வருகிறவர்கள் குடும்பத்தோடு காற்று வாங்க ஓர் இடம் வேண்டுமே! அதனால் ஏரியின் நடுவே 1973-ல் ஜப்பானியத் தோட்டமும் 1975-ல் சீனத் தோட்டமும் வந்தன.

அப்பா ஜூரோங்கில் கப்பல் பட்டறைத் தொழிலாளி. சீனத் தோட்டத்தின் ஏழடுக்குக் கோபுரத்துக்கு முன்னால் அம்மாவும் அவரும் நிற்கும் படம் இன்னும் எங்கள் வீட்டு ஆல்பத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் கல்யாண ஜோடிகள் படம் எடுக்கத் தேடி வரும் இடம் அது.

2019 ஏப்ரலில் ஏரியின் மேற்குக் கரையில் லேக்சைட் கார்டன் என்ற பூங்கா திறந்தது. 53 ஹெக்டேர். பிள்ளைகளுக்கு ஃபாரஸ்ட் ரேம்பிள் விளையாட்டிடம். நீர்நாய், தவளை, அணில் என்று சதுப்புக் காட்டுப் பிராணிகளை மனதில் வைத்துச் செய்த ஏறுதலும் சறுக்கலும் தொங்கலும். பக்கத்திலேயே க்ளூசியா கோவ், தண்ணீர் விளையாட்டு. என் மகளை அங்கிருந்து கிளப்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

ஆனால் என் மனது நிற்பது அதே பூங்காவின் நெராம் ஸ்ட்ரீம்ஸ் ஓடையில்தான். முன்பு நேர்க்கோடாகப் போன கான்கிரீட் கால்வாய் அது. இப்போது வளைந்து வளைந்து, கற்களில் மோதி, கரைச் செடிகளின் வேரை நனைத்துக்கொண்டு ஓடுகிறது. போன வாரம் ஒரு கொக்கு கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு அசையாமல் நின்றது. சட்டென்று ஒரு கொத்து. அலகில் விரல் நீளத்துக்கு ஒரு மீன் துடித்தது. அப்புறம் ஓரடி தள்ளிப்போய் மறுபடி அதே தவம். கான்கிரீட் கால்வாயில் அதற்கு என்ன கிடைத்திருக்கும்?

ஊர் வளர ஆற்றை மறித்தது அன்றைய தேவை, அதைக் குறை சொல்லமாட்டேன். வளர்ந்த பிறகு அதே ஊர் சதுப்புக்கும் ஓடைக்கும் இடம் விட்டதே, அதுதான் எனக்குப் பெரிய விஷயம். நாலு மரம் நட்டு, பெஞ்சு போட்டு, பூங்கா என்று பெயர் வைத்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை.

சீன, ஜப்பானியத் தோட்டங்களும் புதுப்பிக்கப்பட்டு 2024-ல் மறுபடி திறந்துவிட்டன. லேக்சைட் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் நடந்தே வந்துவிடலாம். வெயில் தாழ்ந்ததும் வாருங்கள். புல்வெளிப் பக்கம் நிழல் குறைவு. முதலில் ஏரியோரம் ரசாவ் வாக் பலகைப் பாதையில் நடந்துவிட்டு, தண்ணீர் விளையாட்டைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு மாற்றுத் துணி அவசியம்.