மண் தெரியப் பெருக்கிய தோட்டம்

பர்மாவில் மோல்மேனுக்குத் தெற்கே, முடோன் பக்கத்துப் பம்பளிமாஸ் தோட்டங்களைச் சுற்றி வருவது என் பிழைப்பு. தோட்டக்காரர்களில் மொன் இனத்தவரும் உண்டு, நம்மவர்களும் உண்டு. யாராக இருந்தாலும் நல்ல தோட்டத்துக்கு ஒரே அடையாளம்தான் சொல்வார்கள்: மரத்தடியில் ஒரு புல் கூடாது. கொட்டுகிற மழைக்காலத்திலும் மண்வெட்டியால் செதுக்கி, பெருக்கி, மண்ணைத் தூரோடு அணைத்து வைத்தால்தான் கூலிக்காரன் வேலை செய்தான் என்று ஒப்புக்கொள்வார்கள். "மரம் பிசின் விடுது ஸயா (ஐயா), ஏதாவது மருந்து சொல்லுங்க" என்று வருகிறவர்களின் தோட்டம் பெரும்பாலும் இப்படித்தான் பளிச்சென்று இருக்கும்.

இங்கே ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. சென்னையைப் போல மூன்று மடங்கு. அதில் பெரும்பகுதி மே நடுவிலிருந்து அக்டோபருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். பிசின் நோய்க்குக் காரணமான பைட்டோப்தோரா என்ற பூஞ்சை மாதிரியான நுண்ணுயிர் மண்ணிலேயே கிடப்பது. அதன் வித்துகள் தண்ணீரில் நீந்தும். வெறும் மண்ணில் மழைத்துளி விழுந்தால் சேறு தெறிக்கும். சேற்றோடு நோயும் தண்டில் ஏறும், தாழத் தொங்கும் காயிலும் ஒட்டும். மழை விட்டதும் தண்டைப் பார்த்தால் போதும். செதுக்கின தோட்டத்தில் முழங்கால் உயரத்துக்குச் செம்புள்ளி. புல் இருக்கிற தோட்டத்தில் தண்டு கழுவி விட்டது மாதிரி இருக்கும்.

அதனால் நான் மருந்தைச் சொல்வதற்கு முன்னால் மண்வெட்டியைக் கீழே வைக்கச் சொல்கிறேன். புல்லைச் செதுக்காதே, கணுக்கால் உயரத்துக்கு அறுத்து அங்கேயே போடு. தூரில் அணைத்த மண்ணை எடுத்து ஒட்டுக்கட்டிய இடம் வெளியே தெரியும்படி விடு. வைக்கோல் மூடாக்கு போடலாம், ஆனால் தண்டுக்கு ஒரு சாண் தள்ளி. தண்ணீர் தேங்குகிற வரிசைக்கு வாய்க்கால் வெட்டு. பாதி நோய் இதிலேயே அடங்கும்.

மீதிக்குத்தான் கத்தி. பிசின் வழிகிற இடத்துக்குச் சுற்றிலும் பட்டையைக் கட்டைவிரலால் அழுத்தினால் சில இடம் மெத்தென்று உள்வாங்கும். கீறினால் உள்ளே பழுப்பு, புளித்த வாடை. பழுப்பு முடிந்து பச்சை கலந்த வெள்ளைப் பட்டை தெரியும்வரை சுரண்ட வேண்டும். சுரண்டியதைச் சாக்கில் பிடித்து வெளியே கொண்டுபோய் எரிக்க வேண்டும். பிறகு போர்டோ பசை: ஒரு கிலோ மயில்துத்தம் (செம்பு சல்பேட்), ஒரு கிலோ சுண்ணாம்பு, பத்து லிட்டர் தண்ணீர். இரண்டையும் தனித்தனியே கரைத்துச் சேர்க்க வேண்டும், இரும்புப் பாத்திரம் ஆகாது. இங்கே கடையில் பர்மா வீசைக் கணக்கில் நிறுப்பார்கள். ஒரு வீசை 1.63 கிலோ என்பதை மறந்துவிட்டு அதே தண்ணீரில் கலக்கிறவர்கள் நிறைய. தேய்த்த ஆணியைக் கலவையில் கொஞ்ச நேரம் விட்டு எடுத்தால் செம்பு படியக் கூடாது. படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. ஏப்ரலில் வரும் திங்கான் புத்தாண்டுத் திருவிழா முடிந்து மழை பிடிப்பதற்குள் பூசிவிட்டால் நல்லது.

இது இயற்கை மருத்துவமா என்று கேட்டால் தயங்கித்தான் தலையாட்டுவேன். இயற்கை விவசாய விதிகள் செம்பை அளவோடு அனுமதிக்கின்றன. ஆனால் செம்பு மண்ணில் மக்காது, சேர்ந்துகொண்டே போகும், மண்புழுவுக்கு ஆகாது. ஆகவே தண்டில் பூசுவதோடு சரி. வேப்பெண்ணெய் அடித்தால் போதாதா என்று கேட்கும் பெரியவர் ஒருவர் தட்டோனில் இருக்கிறார். "தம்பி, எங்க அப்பா காலத்துலேர்ந்து வேம்புதான்" என்பார். பூச்சிக்கு வேம்பு சரிதான் தாத்தா, இந்த நோய்க்கு அதை நம்ப முடியாது. அடித்த எண்ணெயையும் இந்த மழை ஒரு மணி நேரத்தில் கழுவிவிடும் என்றால் சிரித்துக்கொண்டே கேட்காமல் போவார்.

எல்லாக் களையையும் வாழவிடச் சொல்லவில்லை. மைக்கேனியா கொடி மரத்தின் மேலேறிப் போர்த்தி மூச்சை அடைக்கும். அக்டோபர் வாக்கில் வரும் தடிஞ்சூட் பௌர்ணமியை ஒட்டி, பூத்து விதை பறப்பதற்குள் பிடுங்க வேண்டும். கணுவுக்குக் கணு வேர் விடும் ஜாதி. ஈரத்தரையில் போட்டால் அங்கேயே பிழைத்துக்கொள்ளும். மூங்கில் வேலியில் போட்டுக் காயவைக்க வேண்டும். கூரை வேயும் தெக்கேப் புல்லை அறுத்தால் இன்னும் வேகமாய்த் துளிர்க்கும். பலகையை வைத்து மிதித்துச் சாய்த்தால்தான் சோர்கிறது. நிழல் விழுந்தால் தானே ஒழியும்.

இதில் எனக்கு எதிர்ப்பு முதலாளிகளிடமிருந்து மட்டும் வரவில்லை. செதுக்குகிற பெண்கள்தான் முதலில் முறைத்தார்கள். புல்லை விட்டுவைத்தால் அவர்களுக்கு நாள்கூலி குறையும், நியாயமான கோபம். இப்போது நான் ஒத்துக்கொள்ளும் தோட்டங்களில் பட்டை சுரண்டுவதும் பசை பூசுவதும் கொடி பிடுங்குவதும் அவர்கள் வேலை என்று முன்கூட்டியே பேசிவிடுகிறேன். அழுத்திப் பார்த்து நோய்ப்பட்டையைக் கண்டுபிடிப்பதில் அவர்களில் இரண்டு பேருடைய கை என் கையைவிடக் கூர்மை. அவர்களுக்குக் கூலி கூட்டிக் கேட்டிருக்கிறேன்; முதலாளி இன்னும் பதில் சொல்லவில்லை.