கொலிமேற்றர் வினாவுக்கு நான் ஆயத்தமான விதம்

துணிக்கைகளை நேர்கோட்டில் வேகப்படுத்தும் நேர்கோட்டு ஆர்முடுக்கியில் கொலிமேற்றர் கற்றையின் தரத்தை எவ்வாறு பாதிக்கிறது என்று கேட்ட மாதிரி வினாவுக்கு, "அது கற்றையைக் குவிக்கிறது" என்று எழுதிப் பாதிப் புள்ளிகளை இழந்தேன். குவிப்பது நான்முனைவுக் காந்தத்தின் வேலை. கொலிமேற்றர் செம்பு, தங்குதன் போன்ற உலோகத் தாடைகளால் கற்றையின் ஓரத்தில் அலையும் துணிக்கைகளை வெட்டி நீக்குகிறது. இந்த வேறுபாடு தெளியும்வரை திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து செய்த பயிற்சியை, பௌதிகவியல் படிக்கும் அடுத்த அணி மாணவர்களுக்காக எழுதுகிறேன்.

வரைபுத்தாளின் கிடையச்சில் துணிக்கையின் இடத்தையும் நிலைக்குத்தச்சில் அதன் சாய்கோணத்தையும் கொண்டு, நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் ஐதாகவும் நூறு புள்ளிகளைப் பென்சிலால் இட்டேன். அவை அடைக்கும் பரப்பே எமிற்றன்ஸுக்கு, அதாவது கற்றை இடத்திலும் கோணத்திலும் எவ்வளவு பரந்துள்ளது என்பதற்கு, அளவு; அது சிறிதானால் கற்றையின் தரம் உயர்வு. பழைய தபாலட்டைகள் இரண்டை இடமும் வலமும் வைத்தபோது பக்கத்துப் புள்ளிகள் மறைந்தன. ஆனால் அச்சுக்கு அருகிலேயே மேலும் கீழும் நீண்டு நின்ற, அதாவது சாய்வு மிகுந்த புள்ளிகள் அப்படியே இருந்தன. தாளை 90 பாகை திருப்பி அட்டைகளை மீண்டும் வைத்த பின்னரே அவையும் மறைந்தன. முதலாவதிலிருந்து பீற்றாத்திரன் அவத்தையில் (காந்தங்களிடையே செல்லும் துணிக்கை அச்சின் இருபுறமும் ஊசலாடும் அசைவின் கட்டத்தில்) 90 பாகை தள்ளி இரண்டாவது கொலிமேற்றரை வைப்பது ஏன் என்பது எனக்கு அந்த அட்டைகளால்தான் விளங்கியது.

அடுத்து எண்களைக் கணித்துப் பாருங்கள். செவ்வன் பரம்பலுள்ள கற்றையை நியம விலகலின் 2 மடங்கில் இருபுறமும் வெட்டினால் ஏறத்தாழ 4.6 சதவீதத் துணிக்கைகள் போய்விடும். எஞ்சியவற்றின் நியம விலகல் 0.88 மடங்காகக் குறையும். 3 மடங்கில் வெட்டினால் இழப்பு 0.27 சதவீதம் மாத்திரமே, ஆனால் சுருக்கமும் மிகச் சிறிது. எமிற்றன்ஸ் குறைந்தாலும், இந்த இட-கோணப் படத்தில் துணிக்கைகளின் அடர்த்தி மாறாது என்னும் லியூவில் தேற்றம் மீறப்படவில்லை. ஏனெனில் துணிக்கைகளை எறிந்துவிட்டோம், நடுப்பகுதியின் அடர்த்தி சிறிதும் கூடவில்லை. என் விடைத்தாளில் இல்லாமற்போன வரி இதுதான்.

இடைவெளியை ஒடுக்க ஒடுக்க நன்மையே என்று எழுதுவதும் பிழை. உட்துறைமுகத்தில் படகு கடந்து சென்ற பின்னும் அதன் அலை வந்து கரையில் நிற்கும் வள்ளங்களை ஆட்டுவதுபோல, இலத்திரன் கொத்தின் முன்பகுதி தாடைச் சுவரில் எழுப்பும் மின்காந்தப் புலம், கற்றை மையம் விலகிச் செல்லுமிடத்து, பின்பகுதியைப் பக்கவாட்டில் உதைக்கிறது. சுவரின் மின்தடையால் எழும் உதை அரை இடைவெளியின் மூன்றாம் அடுக்குக்கு நேர்மாறானது. இடைவெளியைப் பாதியாக்கினால் அது 8 மடங்காகும், குறைக்க முயன்ற எமிற்றன்ஸே வளரும். தாடையின் முகத்தைச் செங்குத்தாக விடாமல் மெல்லச் சரித்துச் செதுக்குவது, வடிவத்தால் எழும் உதையைத் தணிப்பதற்காகவே.

உதாரணம் கேட்டால் ஸ்ரான்போட்டின் 3 கிலோமீற்றர் ஆர்முடுக்கியை எழுதுங்கள். அதன் கடைசி மூன்றிலொரு பகுதியைக் கொண்டு 2009இல் எக்ஸ்-கதிர் லேசர் இயங்கத் தொடங்கியது. அங்கே ஓரத் துணிக்கைகள், இலத்திரன்களை நெளியச் செய்து எக்ஸ்-கதிரை எழுப்பும் நிலைக்காந்தங்களில் பட்டு அவற்றின் காந்தத்தன்மையைக் கெடுக்காதபடி கொலிமேற்றர்கள் காக்கின்றன. விடையை எழுதத் தொடங்குமுன், வெட்டுக்கு முன்னும் பின்னுமான அந்தப் புள்ளிப் படங்கள் இரண்டையும் வரைந்துவிடுங்கள்.