சிறப்புக் கல்வி படிக்கப் போகிறீர்களா? முதலில் சி.ஆர்.ஆர். எண்ணைக் கேளுங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு "மூன்றே மாதத்தில் சிறப்பு ஆசிரியர் ஆகலாம்" என்ற வகை விளம்பரங்கள் வாட்ஸ்அப்பில் வந்து விழும். ஃபீஸ் கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி போதும்: "இந்தப் படிப்பை முடித்தால் சி.ஆர்.ஆர். எண் கிடைக்குமா?" பதில் இழுத்தால் கிளம்பிவிடுங்கள்.

சி.ஆர்.ஆர். என்பது இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ. வைத்திருக்கும் தேசியப் பதிவேடு. சிறப்பாசிரியர்களும் அதில் அடக்கம். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதில் பெயர் இல்லாதவர் மறுவாழ்வுத் துறையில் தொழில் செய்யக் கூடாது. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத் தொகை சிரிப்பை வரவழைக்கும்தான். ஆனால் எண் இல்லாவிட்டால் அரசு வேலைக்கான விண்ணப்பம் முதல் சல்லடையிலேயே போய்விடும், அதுதான் உண்மையான அடி.

கல்லூரிக்கு "ஆர்.சி.ஐ. அங்கீகாரம் இருக்கிறது" என்று சொன்னால் மட்டும் போதாது. அங்கீகாரம் படிப்புவாரியாகவும் குறைபாட்டுவாரியாகவும் காலவரம்போடு தரப்படுகிறது. அறிவுசார் குறைபாட்டுக்கான டி.எட். நடத்த அனுமதி பெற்ற இடத்துக்கு, செவித்திறன் குறைபாட்டுக்கான டி.எட். நடத்த அனுமதி இருக்க வேண்டும் என்பதில்லை. ஆர்.சி.ஐ. இணையதளத்தில் கல்லூரியின் பெயர், படிப்பின் முழுப் பெயர், நீங்கள் சேரும் கல்வியாண்டு மூன்றும் ஒரே வரியில் இருக்கிறதா என்று பாருங்கள். போன வருடப் பட்டியலை நம்பிச் சேர்ந்து, படிப்பு முடிந்த பிறகு பதிவு எண்ணுக்காக அலைபவர்கள் இருக்கிறார்கள்.

பிளஸ் டூ முடித்தவர்களுக்கு வழக்கமான வழி, 2 ஆண்டு டி.எட். சிறப்புக் கல்வி. பட்டதாரிகளுக்கு பி.எட். சிறப்புக் கல்வி. இது 2015 முதல் 2 ஆண்டுப் படிப்பு. தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு 4 ஆண்டு ஒருங்கிணைந்த படிப்பின் பக்கம் நகர்கிறது, அதனால் நீங்கள் சேரும் வருடத்தில் எந்த வடிவம் செல்லும் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். பிஞ்சுக் குழந்தைகளோடு மட்டும் வேலை செய்ய நினைப்பவர்களுக்கு ஓராண்டு முன்பருவச் சிறப்புக் கல்வி டிப்ளமோ உண்டு. பள்ளி வேலைக்குக் கேட்கும் டி.எட்.டுக்கு அது ஈடாகாது என்பதைத் தெரிந்துகொண்டு சேருங்கள். பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, உளவியல் போன்றவற்றில் ஏற்கெனவே பட்டம் இருந்தால், ஆரம்பநிலைத் தலையீட்டில், அதாவது குறைபாட்டைச் சிறு வயதிலேயே கண்டு பயிற்சி தருவதில், முதுநிலை டிப்ளமோ நல்ல தேர்வு. புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் இருக்கும் நமக்கு அருகில் என்றால், சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் உள்ள நிப்மெட் (பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான மத்திய அரசு நிறுவனம்). ஈசிஆர் பஸ் வாசலிலேயே இறக்கிவிடும், ஆனால் புதுச்சேரியிலிருந்து தினமும் போய்வருவது நடக்காத காரியம். விடுதிச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

இனி வேலை என்னவென்று பார்ப்போம். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நீங்கள் டீச்சர் இல்லை, அதன் அம்மாவுக்குத்தான் டீச்சர். வாரத்தில் இரண்டு அமர்வு, முக்கால் மணி நேரம் நீங்கள் செய்வதைவிட, தினமும் ஐந்து வேளை வீட்டில் நடப்பதுதான் குழந்தையை நகர்த்தும். இது புரியாதவர்கள் வண்ண வண்ணப் பொம்மைகளை வாங்கி அறையை நிரப்புவார்கள்.

சாப்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையை மடியில் மல்லாத்தி, தலையைப் பின்னால் சாய்த்துக் கஞ்சி ஊற்றுவது பல வீடுகளில் வழக்கம். அந்த நிலையில் கஞ்சி மூச்சுக்குழாய்க்குள் போக வாய்ப்பு அதிகம். புரையேறுவதும் அடிக்கடி சளி பிடிப்பதும் அதனால் இருக்கலாம். இடுப்பும் முழங்காலும் மடங்கி, பாதம் ஒரு பலகையில் பதிய நிமிர்ந்து உட்கார வைத்து, தாடை சற்றுக் கீழே இருக்க, எதிரில் உட்கார்ந்து குழந்தையின் முக மட்டத்திலிருந்து கரண்டியை நீட்ட வேண்டும். விழுங்குவதில் சிரமம் இருந்தால் பேச்சுப் பயிற்சியாளர் பார்க்கும் வரை உணவின் பதத்தை மாற்றிச் சோதிக்காதீர்கள்.

பயிற்சி இலக்கு எழுதுவதில்தான் புதியவர்கள் சறுக்குவார்கள். "தானே சாப்பிடப் பழகுவான்" என்பது இலக்கே இல்லை. "விளிம்பு உயர்ந்த தட்டில் பிட்டு வைத்த இட்லியை வலது கையால் எடுத்து, கைபிடித்து உதவாமல், 5 முறையில் 4 முறை வாயில் வைப்பான்" என்பது இலக்கு. கற்பிப்பதைக் கடைசிப் படியிலிருந்து தொடங்குங்கள்: வாய் அருகே வரை நீங்கள் கைபிடித்துக் கொண்டுபோய், கடைசி இரண்டு அங்குலத்தை அவனிடம் விடுங்கள். அது வந்ததும் பிடியை இன்னும் முன்னதாக விடுங்கள். ஒவ்வொரு முறையும் இட்லி வாயில் சேர்வதால் குழந்தை சலிப்பதில்லை. குழந்தைக்கு என்னென்ன செய்ய வரும் என்று மதிப்பிட, எம்.டி.பி.எஸ். என்ற பட்டியல் நம்மூரில் பழக்கமான கருவி. 18 பிரிவுகள், பிரிவுக்கு 20 என மொத்தம் 360 செயல்கள். அம்மா சொன்னதை மட்டும் வைத்து டிக் போடாமல், செய்யச் சொல்லிப் பாருங்கள்.

வேலைவாய்ப்பு எங்கே? 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தின் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்களில் சிறப்புக் கல்வியாளர் பணியிடம் உண்டு. அறிவிப்பு மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் பெயரில் மாவட்ட இணையதளத்தில் வரும், விண்ணப்பிக்கக் கிடைக்கும் நாட்கள் குறைவு. ஒப்பந்தப் பணி, தொகுப்பூதியம். பள்ளிக் கல்வியில் வட்டார வள மையச் சிறப்பாசிரியர்களுக்கும் இதே நிலைதான் நீடிக்கிறது. தொடக்க வகுப்புகளில் 10 சிறப்புக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொன்ன பிறகும், இது நிரந்தரப் பணியிடங்களாக மாறும் வேகம் போதாது என்பது என் கருத்து.

தமிழ்நாடு, புதுச்சேரி எல்லையில் இருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. சி.ஆர்.ஆர். எண் நாடு முழுக்கச் செல்லும். சாதிச் சான்றிதழ் அப்படியல்ல. தமிழ்நாட்டு எம்.பி.சி. சான்றிதழை வைத்துப் புதுச்சேரியில் இட ஒதுக்கீடு கேட்க முடியாது, அங்கிருந்து இங்கேயும் அதே கதைதான். கடலூர்க்காரர் புதுச்சேரியில் தனியார் சிறப்புப் பள்ளி வேலைக்குத் தாராளமாகப் போகலாம். அரசு வேலை என்றால் குடியிருப்பு நிபந்தனையைப் படித்துவிட்டு விண்ணப்பக் கட்டணம் கட்டுங்கள்.

வேலை கிடைத்த பிறகும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், 5 ஆண்டுக்கு ஒருமுறை. அதற்கு சி.ஆர்.இ., அதாவது தொடர் மறுவாழ்வுக் கல்விப் பயிற்சிப் புள்ளிகள் தேவை. கடைசி வருடத்தில் எல்லாவற்றையும் சேர்க்க ஓடாமல், ஆண்டுக்கு ஒன்றிரண்டு பயிற்சியில் கலந்துகொண்டு சான்றிதழ்களை ஒரே ஃபைலில் போட்டுவையுங்கள். திருமணத்துக்குப் பிறகு பெயரோ இனிஷியலோ மாறியிருந்தால், பதிவில் இருக்கும் பெயரும் ஆதாரில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகிறதா என்று புதுப்பிக்கும் தேதிக்கு வெகுமுன்பே பார்த்துவிடுங்கள்.